தலைதீபாவளிக்கு வந்த கலர் டிவி

ஜூன் 11, புதன்

வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்தாயிற்று. ஆடி பிறப்பதற்குள் சென்னையில் மகன் முகுந்தனின் ஃபிளாட்டுக்குப் போய்விட வேண்டும். ஆடியில் வீடு மாறக் கூடாது. ஆவணி வரை பொறுக்க இந்த வீட்டை வாங்கினவர்களுக்கு மனசில்லை. "அம்மா, அலமாரி எல்லாம் சுவத்துலயே இருக்கு, துணிமணி மட்டும் கொண்டு வந்தாப் போதும்" என்கிறான் முகுந்தன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோவில்பட்டியில் நான் சேர்த்தது துணிமணி மட்டும்தான் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது.

இவர் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறார். மில்லில் டைம்கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் நிதானமாகத்தான் செய்வார். எதில் டேப் ஒட்டினாலும் நுனியைக் கொஞ்சம் உள்ளே மடித்துவிடுவது இவர் வழக்கம். பிரிக்கும்போது நகத்தால் பிறாண்ட வேண்டாமாம். ஒட்டும்போதே பிரிப்பதைப் பற்றி யோசிக்கிற மனிதர்.

மாடி அறையில் போர்வையை இழுத்தேன். அடியில் டிவி. அதன் தலையில் இன்னும் அத்தையின் ஊறுகாய் ஜாடிகள். மாமியார் போய்ப் பல வருஷமாகிவிட்டது. ஜாடிகளை எடுக்க எனக்கே தைரியம் வரவில்லை போல.

"பழைய இரும்புக்காரன் நாளைக்கு வாரான். அதையும் தூக்கிப் போட்டுருவோம்" என்றார் இவர்.

"டிவி கிடக்கட்டும்."

"கிடந்து?"

"சரி பண்ணிப் பாக்கேன்."

"பிக்சர் ட்யூப் போன டிவியில என்னத்தப் பாக்கப் போற?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் டேப்பை மாடியிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார். இவர் எதையும் மறக்கிறவர் இல்லை.

ஜூன் 12, வியாழன்

எதற்கு இந்த வேலை என்று எனக்கே விளங்க வேண்டும் அல்லவா, எழுதி வைக்கிறேன்.

எங்கள் அப்பாவுக்குச் சங்கரன்கோவிலில் கைத்தறி வியாபாரம். விற்ற சேலையில் ஒரு இழை விட்டிருந்தாலும் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு கொடுப்பார். "பழுதுள்ளத என் கையால குடுக்க மாட்டேன்" என்பதுதான் அவருக்கு வேதம். எனக்குத் தலைதீபாவளிக்கு அவர் கொடுத்த சீர் இந்தக் கலர் டிவி. தேக்கு நிறத்தில் மரப்பெட்டி, முன்னால் இரண்டு பக்கமும் ஓடுகிற பட்டைக் கதவு, பூட்டு, சாவி. வேனில் என் தம்பி கோமதிநாயகம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்து இறங்கினான். இந்தத் தெருவுக்கு அதுதான் முதல் கலர்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீடு தேர்முட்டிதான், அவ்வளவு கூட்டம். சாவி அத்தையின் இடுப்பில். அவர் கதவைத் திறக்கும்போது கூடம் நிறைந்திருக்கும். வாசல் தேடி வந்தவர்களுக்குத் தண்ணீராவது கொடுக்க வேண்டாமா? தண்ணீர், காபி, யாரோ ஒரு கைப்பிள்ளைக்குப் பால், இருமுகிறவருக்குச் சுக்கு. நான் அடுப்படி நிலையில் நின்று பார்ப்பேன். திரையில் பாதி தெரியும், அதுவும் தலைகளுக்கு நடுவில். கதாநாயகர்களின் ஒரு பக்கக் காது எனக்கு நன்றாகத் தெரியும். முழு மூஞ்சியோடு எந்தப் படத்தையும் பார்த்த ஞாபகமில்லை.

மகள் சங்கரி வயிற்றில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவி எரியவில்லை. பிக்சர் ட்யூப் போய்விட்டது, மாற்றினால் புது டிவி விலை ஆகும் என்று மெக்கானிக் சொன்னதாக இவர் சொன்னார். தெரு ஜனம் துக்கம் விசாரிப்பது போல வந்து பார்த்துவிட்டுப் போனது. அன்று மத்தியானம் நான் தூங்கினேன். அது வேறு விஷயம்.

கேள்விப்பட்டு அப்பா வந்தார். டிவிக்கு முன்னால் நின்றார். "ரிப்பேர் செலவ நான் பாத்துக்கிடுதேன் மாப்பிள்ளை" என்றார். "வேண்டாம் மாமா" என்றார் இவர். உள்ளேயிருந்து அத்தை, "சீர் குடுக்கும்போதே பாத்துக் குடுத்திருக்கணும்" என்றார். அப்பா அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர் மோர் மட்டும் குடித்துவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் கூடத்தில் உட்காராமல் வாசலோடு பேசிவிட்டுப் போவார். இரண்டு மூன்று வருஷத்தில் போயும் விட்டார்.

அப்பா கொடுத்தது சொத்தையா இல்லையா? இந்த வீட்டை விட்டுப் போவதற்குள் எனக்கு அது தெரிய வேண்டும். வேறொன்றுமில்லை.

ஜூன் 14, சனி

சாவி இல்லை. அத்தையோடு போயிற்றோ என்னவோ. நெளிந்த தட்டையான இரும்புத் துண்டை விட்டு நெம்பினேன், பூட்டு விட்டுக்கொடுத்தது. பட்டைக் கதவு அரையடி நகர்ந்து நின்றுவிட்டது. மரப்பட்டைகளுக்குப் பின்னால் ஒட்டியிருந்த துணி மக்கிப் போயிருக்கிறது.

இந்தத் தெருவில் மிக்ஸி, கிரைண்டர் எது கெட்டாலும் என்னிடம்தான் வரும். மோட்டாரில் கரி மாற்றுவேன், காயில் எரிந்திருந்தால் வாசம் பிடித்தே சொல்வேன். ஆனால் டிவி வேறு ஜாதி. பஸ் ஸ்டாண்டு பக்கம் கேமரா மாட்டிக் கொடுக்கிற ஜெபராஜைப் போனில் பிடித்தேன். அந்தக் காலத்தில் டிவி மெக்கானிக். கலர் டிவி என்றதும் குரலே மாறிவிட்டது.

"அக்கா, பின்மூடியக் கழத்துங்க. உள்ள மட்டும் கைய விட்டுராதீங்க. ட்யூப் கரண்ட்ட தேக்கி வச்சிருக்கும். பிளக்கப் பிடுங்கினாலும் அடிக்கும்."

"முப்பது வருஷமாவா தேக்கி வச்சிருக்கும்?"

"இருக்காது. ஆனா நான் வந்து தொட்டுக் காமிச்சப்புறம் நீங்க தொடுங்க. எனக்கு நிம்மதி."

மாலையில் வந்தார். நீண்ட திருப்புளியில் ஒரு வயரைக் கட்டி, மறுமுனையை டிவியின் இரும்புச் சட்டத்தில் மாட்டி, ட்யூபின் ரப்பர்க் குல்லாய்க்கு அடியில் மெதுவாக நுழைத்தார். ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பேருக்கும் ஏமாற்றமாக இருந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். எவ்வளவு அழகு! திரை என்று நாம் பார்க்கிற கண்ணாடி பின்னால் போகப் போகச் சிறுத்துக் கூஜாக் கழுத்தாகிவிடுகிறது. கழுத்தில் செம்புக் கம்பி பூச்சரம் சுற்றியது போலச் சுற்றியிருக்கிறது. கீழே பச்சை, மஞ்சள், நீலம் என்று சின்னச் சின்னச் சாமான்கள், ஒரு பட்டணமே. அந்தப் பட்டணத்தின் மேல் பஞ்சு போலத் தூசி, பல்லி முட்டை ஓடுகள், ஒரு நிலக்கடலைத் தொலி. எந்த ஞாயிற்றுக்கிழமைக் கடலையோ.

"தூசிய மட்டும் பிரஷ்ஷால எடுத்து வைங்க. கண்டன்சர் எல்லாம் செத்திருக்கும், மதுரைல சொல்லி வாங்குதேன்" என்று போனார் ஜெபராஜ். இவர் கீழேயே இருந்தார். காபி கொடுத்தபோது, "என்ன சொல்லுதான்?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 16, திங்கள்

காலையில் பெயின்ட் பிரஷ்ஷை வைத்துத் தூசி தட்டினேன். தட்டத் தட்ட அடியில் எழுத்துகள் வெளியே வருகின்றன. எந்தச் சாமான் எங்கே என்று பலகையிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

ஸ்விட்சிலிருந்து பலகைக்கு இரண்டு வயர் போகிறது. அதில் ஒன்று வழியிலேயே முடிந்துவிட்டது. மறு பாதி பலகைப் பக்கம் தொங்குகிறது. அறுந்ததாகத் தெரியவில்லை. கத்தரியால் வெட்டியது போல நேர்வெட்டு. இரண்டு முனையிலும் தனித்தனியாகக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது, தப்பித்தவறி யார் மேலும் பட்டுவிடாமல். டேப் பழசாகி வெல்லப்பாகு மாதிரி விரலில் ஒட்டுகிறது.

டேப்பின் நுனி மடித்துவிடப்பட்டிருந்தது. இரண்டிலும்.

டேப்பை மடிக்கிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

டிவி பக்கம் போகவில்லை. அவரைக்காய்ப் பொரியல், ரசம். உப்பு கூடிவிட்டது.

ஜூன் 19, வியாழன்

சாப்பிடும்போது சும்மா கேட்பது போலக் கேட்டேன். "அன்னிக்கு ட்யூப் போச்சுன்னு சொன்ன மெக்கானிக் யாருங்க?"

"அவனா? நாசரேத்துக்காரன் ஒருத்தன்."

"பேரு?"

"பேரு என்னமோ. செத்துப் போயிட்டான்."

"பேரு தெரியாது, செத்தது மட்டும் தெரியுமா?"

"மோரை ஊத்து" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் சோறாவது நிறைய வைத்துக்கொள்ள வேண்டும். இவர் இலையில் ஒரு கரண்டிதான் இருந்தது. நான் மோரை ஊற்றினேன்.

ஜூன் 21, சனி

ஜெபராஜ் வந்தார். ட்யூபைச் சோதிக்கிற ஒரு பெட்டியைப் பரணிலிருந்து தேடி எடுத்து வந்திருந்தார். கழுத்தில் மாட்டினார். முள் மெல்ல எழுந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் வலது கோடிக்குப் போய் நின்றது.

"அக்கா! ட்யூப் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கு. போச்சுன்னு சொன்னவன் எவன்?"

"செத்துப் போயிட்டானாம்."

பிறகு வெட்டின வயரைக் காட்டினேன். டேப்பை நான் பிரிக்கவில்லை, அப்படியே விட்டிருந்தேன். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இது பழுது இல்லக்கா. வேலை. யாரோ உக்காந்து செஞ்சிருக்காங்க."

"எலியா இருக்கும்."

"எலி டேப்பு ஒட்டுமாக்கா?"

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் நிறுத்தின பிறகும் நான் கொஞ்சம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 25, புதன்

மூன்று நாளாக மரப்பெட்டி வேலை. அத்தை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அடிப்பலகையில் மேல்தோல் பெயர்ந்திருக்கிறது. தோல் மட்டும்தான் தேக்கு என்பது இப்போதுதான் தெரிகிறது. உள்ளே பிளைவுட். பெயர்ந்த இடத்தில் ஊசி வழியாகப் பசையைச் செலுத்தி, மேலே காகிதம் போட்டு, அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். சென்னைக்கு வராத அம்மி கடைசியாக ஒரு உபகாரம் செய்துவிட்டுப் போகட்டும்.

பட்டைக் கதவுக்குக் கஷ்டப்பட்டேன். பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எண் போட்டு, இவருடைய பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்து, அதன் மேல் வரிசையாக ஒட்டினேன். வேட்டியைக் கேட்டபோது இவர் வாயைத் திறக்காமல் எடுத்துக் கொடுத்தார். சாதாரணமாக ஒரு துண்டைக் கிழிக்கவும் விடமாட்டார். இந்த வாரம் முழுக்க அப்படித்தான். கேட்காமலே வெங்காயம் உரிக்கிறார். நேற்று, "புதுசா பெரிய டிவி ஒண்ணு வாங்கிருவோமா செம்பகம்?" என்றார்.

முகுந்தனுக்கும் போன் போட்டிருப்பார் போல. அவன் என்னிடம் பேசினான். "அம்மா, இந்த மாதிரி பழைய செட்டுக்கு சினிமா ஷூட்டிங்காரங்க அலையுறாங்க. எரியாட்டியும் பரவாயில்லையாம். அப்படியே குடுத்துரலாமே?"

"எரியட்டும், பிறகு பாப்போம்" என்றேன்.

எனக்கு இவர் மேல் கோபமா என்று யோசித்துப் பார்த்தேன். இன்னும் வரவில்லை. என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் முன்னால் நிற்கிறது. ஆளையும் டிவியையும் ஒரே சமயத்தில் திறந்துகொண்டிருக்கிறேன்.

ஜூன் 28, சனி

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பாலிஷ் முதல் கை போட்டேன். அரக்கை ஸ்பிரிட்டில் ஊற வைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, வட்டம் வட்டமாகத் தடவ வேண்டும். நிறுத்தினால் அந்த இடத்தில் தழும்பு விழும். ஒரு இடத்தில் நிறுத்திவிட்டேன், தெருவில் யாரோ கூப்பிட்டார்கள். தழும்பு பின்பக்கம்தான், தெரியாது.

ஜூன் 30, திங்கள்

இன்று கரண்ட் கொடுத்தோம். வெட்டின வயரை ஜெபராஜ் பற்றவைத்தார். பழைய டேப் துண்டுகளை நான் ஒரு சோப்பு டப்பாவில் எடுத்து வைத்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

நேராகக் கரண்ட் கொடுக்கக் கூடாதாம். நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்தார். டிவியில் எங்காவது கோளாறு என்றால் பல்பு முழுசாக எரியும், டிவி தப்பிக்கும். ஸ்விட்சை என்னைப் போடச் சொன்னார். அந்த ஸ்விட்சைத் தொட்டதே இன்றுதான். அத்தை போடுவார், இவர் போடுவார், தெருப் பிள்ளைகள்கூடப் போட்டிருக்கின்றன. என் கை எப்போதும் ஈரமாக இருந்ததால் என்னைத் தொட விடவில்லை.

போட்டேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. அப்புறம் மெல்ல மங்கிக்கொண்டே போய் அடங்கியது. கண்ணாடிக் கழுத்துக்குள் ஒரு சின்ன ஆரஞ்சு வெளிச்சம். திரையில் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"கோடு வந்தா குடும்பமே வந்த மாதிரிக்கா" என்றார் ஜெபராஜ். ஒரு கண்டன்சர் மாற்ற வேண்டுமாம். நாளைக்கு வருவார்.

ஜூலை 1, செவ்வாய்

எரிந்தது.

ஜெபராஜ் கேபிள் பெட்டியை மாடிக்குக் கொண்டு வந்து, பழைய டிவிக்கு ஏற்ற ஒரு மாற்றி வழியாக மாட்டினார். முதலில் சத்தம்தான் வந்தது, யாரோ ஒரு பெண் உளுந்து ஊறவைப்பதைப் பற்றிப் பேசினாள். பிறகு கோடு மேலும் கீழும் விரிந்தது, திரைச்சீலையை யாரோ இழுத்துவிடுவது போல. ஒரு அடுப்பு, ஒரு வாணலி, ஒரு முகம். முகத்தில் பாதி பச்சை. ஜெபராஜ் ஒரு வளையத்தைக் கரண்டில் மாட்டித் திரைக்கு முன்னால் ஆரத்தி மாதிரி சுற்றினார். சுற்றச் சுற்றப் பச்சை கலைந்து ஓடியது. முகத்துக்கு முகத்தின் நிறம் வந்தது. மிளகாய் வற்றலுக்குச் சிவப்பு வந்தது. அப்படி ஒரு சிவப்பை நான் இப்போதைய டிவிகளில் பார்க்கவில்லை. அல்லது அப்படி எனக்குத் தோன்றியது.

நான் தரையில் உட்கார்ந்து நேர் எதிரே பார்த்தேன். அந்தப் பெண் வடையைப் பொரித்து எடுத்துத் தட்டில் வைத்து வணக்கம் சொல்லும் வரை பார்த்தேன். அப்பா, உங்கள் டிவி நல்ல டிவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன். ஜெபராஜ் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பினார்.

திரும்பிப் பார்த்தால் இவர் மாடிப்படியில் காய்கறிப் பையோடு நிற்கிறார். எவ்வளவு நேரமாகவோ.

நான் சோப்பு டப்பாவைத் திறந்து வைத்தேன். பார்த்தார். பையை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார்.

"நான்தான்" என்றார்.

"தெரியும்."

"நீ அன்னைக்கு டம்ளரோட வழுக்கி விழுந்தியே, ஞாபகம் இருக்கா? சங்கரி ஆறு மாசம். டாக்டரம்மா எந்திரிக்கவே கூடாதுன்னுட்டா. மறு ஞாயித்துக்கிழமை திரும்பவும் வாசல் நிறைய ஆளு. நீ கையில செம்போட நிக்க. எங்கம்மா எதிர்ல நான் என்னன்னு சொல்ல? வீடு தேடி வந்தவங்கள வராதீங்கன்னு எப்படிச் சொல்ல? அதுக்கு மறு வாரம் வெட்டிட்டேன்."

"வெட்டிட்டு டேப்ப மடிச்சு வேற ஒட்டியிருக்கீங்க."

"பிரிக்கதுக்குத்தான். பிள்ள பொறந்ததும் ஒட்டிரலாம்னு பாத்தேன். ட்யூப் போச்சுன்னு சொன்னதத் திரும்ப எடுக்க முடியல."

"எங்கப்பா வந்தாரே?"

இவர் காய்கறிப் பையின் காதைச் சரிபண்ணினார்.

"எங்கப்பா வந்து நின்னாரே. ரிப்பேருக்குப் பணம் தாரேன்னாரே. அப்போ உங்க வாயி எங்க போச்சு?"

"எங்கம்மா உள்ள இருந்தா செம்பகம்" என்றார்.

ஜூலை 2, புதன்

பேசவில்லை.

ஜூலை 3, வியாழன்

இன்றும் பேசவில்லை. சாப்பாடு போட்டேன். அது வேறு, பேச்சு வேறு.

ஜூலை 6, ஞாயிறு

வயர் வெட்டினது எனக்காக. அதை நான் இல்லை என்று சொல்ல முடியாது. அந்த மூன்று மாதம் நான் படுத்திருந்ததால்தான் சங்கரி பிறந்தாள். அப்படி ஒரு யோசனை இந்த மனிதருக்குள் இருந்தது என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆனால் என்னைப் படுக்க வைத்த அதே பொய் எங்கப்பாவை வாசலோடு நிறுத்திவிட்டதே. ஒன்றுக்கு நன்றி சொல்லிக்கொண்டு இன்னொன்றுக்குக் கோபப்பட எனக்குத் தெரியவில்லை. இரண்டும் மாறி மாறி வருகின்றன.

அது அப்பாவோடு முடியவும் இல்லை. சங்கரி கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராகக் கோமதி எல்லாம் கொண்டு வந்தான். பித்தளை, வெள்ளி, பட்டு. ஆனால் பிளக் வைத்த சாமான் ஒன்றுகூட இல்லை. "கரண்ட் சாமானுக்கும் எங்க கைக்கும் ராசி இல்லக்கா" என்றான். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இன்று இவரிடம் பேசினேன். ஒரே வாக்கியம். "பன்னெண்டாந்தேதி வீடு காலி பண்ண கோமதி வாரான், அவன்ட்ட நீங்களே சொல்லுங்க."

"சொல்லணுமா?" என்றார். பிறகு அவரே, "சொல்லணும்" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

முகுந்தனிடம் போனில் இவர்: "டிவி வருது. எடமில்லன்னா அந்த சுவத்து அலமாரிய நீ இடிச்சுக்கோ." எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

கோமதி காலை பஸ்ஸில் வந்தான். சாமான் ஏற்றுகிறவர்கள் நாளை மறுநாள்தான். டிவியைக் கீழே கூடத்துக்கு இறக்கி, பழைய இடத்திலேயே வைத்திருந்தோம். வந்தவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தான். திரையில் ஏதோ ஊர்த் திருவிழா ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது நம்ம டிவியா?"

"நம்ம டிவிதான்."

கிட்டே போய்ப் பெட்டியைத் தடவினான். பாலிஷ் நன்றாக வந்திருக்கிறது, நானே சொல்லிக்கொள்கிறேன். "ட்யூப் புதுசு மாத்தினீங்களா அத்தான்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் திருவிழாவைப் பார்த்தேன்.

"ட்யூப் போகவே இல்ல மாப்ள. நான்தான் வயரை வெட்டினேன்." ஆரம்பித்துவிட்டார், முழுவதும் சொன்னார். வழுக்கி விழுந்தது, டாக்டரம்மா, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பேர் தெரியாத நாசரேத்துக்காரன், எல்லாம். "மாமா வந்து நின்னப்ப சொல்லியிருக்கணும். சொல்லல" என்று முடித்தார்.

கோமதி கத்துவான் என்று நினைத்தேன். அவன் கத்தவில்லை. கீழே உட்கார்ந்து அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றினான்.

"அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது, இல்லையா?"

"தெரியாது."

"அப்பாவ விடுங்க அத்தான். வேலாயுத மாமாவ என்ன செய்ய?"

எனக்குப் புரியவில்லை. வேலாயுத மாமா அப்பாவின் சிநேகிதர், ரேடியோக் கடை வைத்திருந்தவர். பக்கத்துப் பக்கத்துக் கடை. டிவி அவரிடம் வாங்கினதுதான். நான் கல்யாணமாகி வந்த பிறகு அந்தப் பக்கத்துச் சேதி அவ்வளவாகத் தெரியாது.

கோமதி சொன்னான்: "பழுதுச் சாமானத் தலையில கட்டி, சம்பந்தி வீட்டுல தலைகுனிய வச்சிட்டான்னு அப்பா அவருகிட்டப் பேச்ச விட்டுட்டாரு. சாகுற வரைக்கும் பேசல. ஏன்னும் சொல்லல. நானும் அவரக் கண்டா மூஞ்சியத் திருப்பிட்டுத்தான் போறேன், இன்னைக்கு வரைக்கும்."

திருவிழாவில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து டிவியை அணைத்தேன்.

"இருக்காரா?" என்று கேட்டார் இவர்.

"இருக்காரு. கடை இப்ப மகன்ட்ட, செல்போன் கடை. மூலைல ஒரு சேர் போட்டு உக்காந்திருப்பாரு."

இவர் உள்ளே போனார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "வா மாப்ள, போவோம்" என்றார். நாளைக்குக் காலையில் போகலாம், வந்தவனுக்கு முதலில் சோறு போட வேண்டும் என்று நான்தான் நிறுத்தினேன். கோமதி சாப்பிட்டான். கொஞ்சம்தான் சாப்பிட்டான்.

ஜூலை 13, ஞாயிறு

மூன்று பேரும் போனோம். சங்கரன்கோவிலில் இறங்கியதும் கோவில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார்.

வேலாயுத மாமா வற்றிப்போயிருந்தார், ஆனால் காதும் கண்ணும் நன்றாகவே இருக்கின்றன. கோமதி படியேறுவதைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். தன் கடைக்குள் அவன் கால் வைத்து எத்தனை காலமோ. என்னைத் தெரியவில்லை. "செம்பகம், மாமா" என்றேன். என் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடவில்லை.

இவர் நின்றுகொண்டே சொன்னார். வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், மாமாவின் மகன் இருந்தான். குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். டிவி கெடவில்லை, நான்தான் கெடுத்தேன், மாமனாரிடமும் சொல்லவில்லை, உங்களுக்கு இப்படி ஆனது நேற்றுதான் தெரியும்.

கிழவர் என் கையை விட்டார்.

"இதுக்குத்தானா?" என்றார்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "திடீர்னு ஒரு நாள் எதிர்ப் பக்கமா நடந்து போனான் உங்கப்பன். கூப்பிட்டேன், திரும்பல. என் சம்சாரம் செத்தப்ப தெருமுனை வரைக்கும் வந்து நின்னுட்டுத் திரும்பிட்டான். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துல உக்காந்து பாப்போம், சின்ன வயசுலேருந்து. அப்புறம் நான் மட்டும்தான் உக்காந்தேன். நான் என்னத்தச் செஞ்சேன், என்னத்தச் செஞ்சேன்னு இந்தச் சேர்ல உக்காந்து யோசிக்காத நாள் இல்ல. வட்டி கூட்டிப் பேசிட்டனா, அவன் வீட்டுல யாரையும் தப்பாச் சொல்லிட்டனான்னு எல்லாம் யோசிச்சேன். டிவிய யோசிக்கவே இல்ல. அது நல்ல செட்டு. நானே பிரிச்சு ஓட்டிப் பாத்துட்டுத்தான் வேன்ல ஏத்திவிட்டேன்."

"நல்ல செட்டுதான்" என்றார் இவர். "நேத்துப் பாத்தோம். நல்லா இருக்கு."

"கலரு?"

"கலரு நல்லா இருக்கு மாமா" என்றேன்.

தலையை ஆட்டினார். சந்தோஷம்தான் அவருக்கு, முகத்தில் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தோடேயே கண் நிறைந்தது. கோமதி அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் கை வைத்தான். அவர் அவன் தலையைத் தடவிக்கொண்டே என்னைக் கேட்டார்.

"எல்லாஞ் சரி தாயி. உங்கப்பன்ட்ட இத யாரு சொல்லுவா?"

இவரும் போய்க் கோமதிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.